கட்டடம் போதும், ஒரு இருக்கை கொடுங்க: காற்றாலை வைத்திருக்கும் மில் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், பல்லடம், உடுமலைப் பக்கம் மில்லும் காற்றாலையும் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு, வணக்கமுங்க.

குடிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் சாளை. திண்ணையில் உட்கார்ந்தால் பதினோரு காத்தாடி (காற்றாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கண்ணில் படும். அதில் மூன்று, எங்கள் அப்பா விற்ற மேட்டாங்காட்டில் நிற்கிறது. வைகாசியில் மேக்காத்து கிளம்பிவிட்டால் புரட்டாசி வரைக்கும் அந்த உஸ்ஸு உஸ்ஸு சத்தத்தைக் கேட்டபடிதான் தூக்கம். முப்பது வருஷம் ஒரு கல்லூரியில் மின்பொறியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். நம் காற்றை ஆராய ஒரு பேராசிரியர் பதவி வைக்க உங்களிடம் பணம் கேட்கத்தான் இந்த மடல்.

நீங்கள் கொடுக்காதவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் வேலை பார்த்த கல்லூரியிலேயே ஒரு புண்ணியவான் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கென்று தனிக் கட்டடம் கட்டிக்கொடுத்தார். வாசலில் கருங்கல்லில் பொன் எழுத்தில் அவர் பெயர். திறப்பு விழா அன்று மதியம் நல்ல சாப்பாடு. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் உள்ளே உடைந்த பெஞ்சுகளும், செமஸ்டர் விடைத்தாள் கட்டுகளும். கட்டியவரைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே உட்கார்ந்து வேலை செய்ய ஒரு ஆள் வேண்டும் என்று நாங்கள்தான் அவரிடம் கேட்கவில்லை.

அந்த ஆளைத்தான் இப்போது கேட்கிறேன். பல்கலைக்கழகங்களில் இதற்கு ‘இருக்கை’ என்று பெயர். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் வேண்டும் என்றபோது நம்மில் எத்தனை பேர் ஆயிரம், ஐந்நூறு என்று அனுப்பினோம்! அதே ஏற்பாடுதான். முதல் பணத்தைத் தொடக்கூடாது, அதன் வட்டியில் ஒரு பேராசிரியர் காலத்துக்கும் இருந்து ஆராய வேண்டும். இங்கிலாந்தில் ஹென்றி லூக்காஸ் என்பவர் வருஷத்துக்கு 100 பவுண்டு வரும்படி நிலம் வாங்கி ஒரு கணித இருக்கை வைக்கச் சொல்லி 1663-ல் உயில் எழுதிவிட்டுச் செத்துப்போனார். 1669-ல் அதில் வந்து உட்கார்ந்தவர் நியூட்டன். முந்நூறு வருஷம் கழித்து அதே இருக்கையில் ஸ்டீபன் ஹாக்கிங்.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துவிட வேண்டாம். கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். கோயிலில் அந்தி விளக்கு எரிக்க இத்தனை பழஞ்சலாகை அச்சு (அந்தக் காலத்துக் காசு) கொடுத்தேன், முதல் நிற்க அதன் பலிசையில், அதாவது வட்டியில், சந்திராதித்தவரை (சந்திரனும் சூரியனும் உள்ளவரை) விளக்கு எரிய வேண்டும் என்று நம் ஊர் வெள்ளாளர்களும் வணிகர்களும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆடாகக் கொடுத்தால் அதற்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். செத்த ஆட்டுக்குக் குட்டி ஈடு, எண்ணிக்கை குறையக்கூடாது.

சரி, இந்த வட்டாரத்தில் ஏன் காற்றுக்கு ஒரு இருக்கை?

பாலக்காட்டுக் கணவாய் இல்லாவிட்டால் நமக்கு இந்தக் காற்று இல்லை. மேற்கு மலைத்தொடரில் விழுந்த அந்த ஓட்டை வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புனல் வாயில் ஊற்றியதுபோல் நெருங்கிப் பாய்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் இருக்கும் ஆற்றல் எட்டு மடங்கு. எனவே வேகத்தைக் கணிப்பதில் சின்னப் பிழை விழுந்தாலும் மின்சாரக் கணக்கில் பெரிய பிழை. நாளைக்குக் காலையில் எத்தனை மெகாவாட் வரும் என்று மின்வாரியத்துக்கு உறுதியாகச் சொல்ல முடிந்தால்தான் அவர்களும் தைரியமாக வாங்குவார்கள். காற்று வெளுத்துக் கட்டும் ஆடியில் காத்தாடியை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்து எத்தனை தடவை நீங்கள் வயிறெரிந்திருக்கிறீர்கள்?

அடுத்தது பழைய இயந்திரங்கள். முதல் வருஷமே நூற்றுக்கு நூறு தேய்மானம் எழுதலாம் என்ற வரிச்சலுகை இருந்த 1990-களில், ஆடிட்டர் சொல்லித்தானே உங்களில் பாதிப்பேர் காத்தாடி வைத்தீர்கள்? (கோபித்துக்கொள்ளாதீர்கள், சலுகை நல்ல வேலைதான் செய்தது.) அந்த 225, 250 கிலோவாட் குட்டைக் காத்தாடிகள் மாநிலத்திலேயே நல்ல காற்று இருக்கும் இடங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. எடுத்துவிட்டுப் பெரிதாக வைக்கலாம் என்றால், நாலு முதலாளிகளுக்குச் சொந்தமான நாலு காத்தாடி இருக்கும் இடத்தில் ஒன்றுதான் வைக்க முடியும். யார் பங்கு எவ்வளவு? கழற்றிய இறக்கைகளை என்ன செய்வது? இரும்பை எடைக்குப் போடலாம். கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த இறக்கையை எந்தக் காயலான் கடையும் எடுக்காது. இதைப் பாதி பொறியியலும் பாதி சட்டமும் தெரிந்த ஒருவர் பத்து வருஷம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். காத்தாடிக்கு நிலம் விற்ற குடியானவன் பக்கத்து நியாயமும் அதில் உண்டு. அதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்?

வேளாண் பல்கலைக்கழகத்தில் துறை இருக்கிறதே, சென்னைப் பள்ளிக்கரணையில் தேசிய காற்று ஆற்றல் நிறுவனமே இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். துறை வேறு, இருக்கை வேறு. துறையில் இருப்பவர் வாரம் முழுக்கப் பாடம் எடுத்து, மிச்ச நேரத்தில் தரமதிப்பீட்டுக் கோப்புகளைக் கட்டிக்கொண்டு அழுகிறார். எனக்கே அதுதான் நடந்தது. என்னிடம் படித்த கெட்டிக்காரப் பையன் ஒருவன், நம் கணவாய்க் காற்றைப் பற்றி ஆராய வேண்டும் என்று வந்தான். வழிகாட்ட எனக்கு நேரமில்லை, கொடுக்கப் பணமும் இல்லை. இப்போது டென்மார்க்கில் வட கடல் காற்றை அளந்துகொண்டிருக்கிறான்.

டென்மார்க் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அஸ்கோவ் என்ற ஊரில் ஒரு நாட்டுப்புறப் பள்ளி. அங்கே வாத்தியாராக இருந்த பால் லா கூர் 1891-ல் அரசுப் பணத்தில் ஒரு சோதனைக் காற்றாலை கட்டினார். அவரிடம் படித்த யோகன்னஸ் யூல் 1957-ல் கெட்சர் என்ற இடத்தில் 200 கிலோவாட் இயந்திரம் நிறுத்தினார். மூன்று இறக்கை, காற்றைப் பார்த்தபடி நிற்கும் வடிவம். எங்கள் காட்டில் நிற்பவை அதன் பேரப்பிள்ளைகள். ஒரு வாத்தியாருக்கு வேலை செய்ய இடம் கொடுத்ததன் பலன் குடிமங்கலம் வரைக்கும் வந்திருக்கிறது.

பணக் கணக்குக்கு வருகிறேன். பேராசிரியர் சம்பளம், இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள், கருவிகள் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 50 லட்சம் என்று வையுங்கள். 7 சதவீத வட்டியில் 2 சதவீதத்தை விலைவாசி ஏற்றத்துக்காக முதலோடேயே சேர்த்துவிட்டால் கைக்கு வருவது 5. ஆக 10 கோடி முதல் வேண்டும். ஒரே கையில் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் 2 மெகாவாட் காத்தாடி ஒன்றின் வருமானத்தை அறக்கட்டளையாக எழுதி வையுங்கள். வருஷம் 40 லட்சம் யூனிட், செலவு போக யூனிட்டுக்கு 3 ரூபாய் நின்றால் 1 கோடியே 20 லட்சம். வட்டியோடு சேர்த்தால் ஏழு ஆடியில் 10 கோடி தாண்டிவிடும். அப்புறம் காத்தாடி உங்களுக்கே. காத்தாடி சாவா மூவாப் பேராடு அல்ல. இருபது இருபத்தைந்து வருஷத்தில் மூத்துவிடும். அதனால்தான் அதன் வருமானத்தை முதலாக மாற்றச் சொல்கிறேன்.

இரண்டு நிபந்தனை உண்டு, அது உங்களுக்கு. இருக்கைக்கு உங்கள் பெயர் தாராளமாக இருக்கட்டும். ஆனால் யார் உட்கார வேண்டும் என்று நீங்கள் சொல்லக்கூடாது. அவர் எழுதும் அறிக்கை உங்களுக்குக் கசந்தாலும் பணம் நிற்கக்கூடாது. ஜி.டி. நாயுடுவே 1945-ல் தாம் கொடுத்து உருவாக்கிய பொறியியல் கல்லூரியில், படிப்புக்கு நாலு வருஷம் எதற்கு என்று அரசோடு மோதிக்கொண்டு முதல்வர் பதவியை விட்டு வெளியே வந்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்திருக்கலாம். கல்லூரி இன்னும் நடக்கிறது.

பி.எஸ்.ஜி. கல்லூரிகளின் பெயரில் இருக்கும் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நாலு பிள்ளைகள் 1926-ல் சொத்தை ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவதைத் தர்மத்துக்கு எழுதினார்கள். நான் ஐந்தில் ஒன்றெல்லாம் கேட்கவில்லை. வரிசையாக நிற்கும் காத்தாடிகளில் ஒன்று, அதுவும் ஏழு வருஷத்துக்கு.

வக்கீல் நண்பர் ஒருவரை வைத்து இரண்டு பக்க வரைவு எழுதி வைத்திருக்கிறேன். முத்திரைத்தாள் செலவு என்னுடையது. கொடையாளர் பெயர் வரும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மழைக்கு முன் எந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் சாளையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பொறியியல் ஆசிரியர்,
குடிமங்கலம் பக்கம்