கலியாணப் பூவுக்கு விலை எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆவணி முகூர்த்தங்கள் வரப்போகின்றன, கல்லடி, ஆரையம்பதி, கல்முனை, காரைதீவு என்று எந்த மண்டபத்தைக் கேட்டாலும் நாள் பதிவாகிவிட்டது என்கிறார்கள். கலியாணம் பேசும் வீடுகளில் நகைக்குக் கணக்குப் பார்க்கிறோம், கூறைக்குப் பார்க்கிறோம், சாப்பாட்டுக்கு ஒரு ஆளுக்கு எத்தனை ரூபா என்று சதம் சதமாகப் பேரம் பேசுகிறோம். பூவுக்கு மட்டும் “சோடனை மொத்தமாக இவ்வளவு” என்று ஒரு தொகையைச் சொல்கிறார்கள், நாமும் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்த ஒரு தொகைக்குள் எத்தனை மாலை, என்ன பூ, எது உண்மைப் பூ, எது துணிப்பூ என்று ஒருவருக்கும் தெரியாது. இந்தப் பழக்கம் மாற வேண்டும், சோடனை செய்கிறவர்கள் உருப்படி உருப்படியாக எழுதி விலை தர வேண்டும் என்பதுதான் என் கடிதத்தின் நோக்கம்.

எங்கள் உறவுக்குள் நடந்த ஒரு கலியாணத்தில் மணவறை முழுக்க உண்மைப் பூ என்று வாயால் பேசி முடித்தார்கள். முகூர்த்தத்தன்று விடியப் போய்ப் பார்த்தால் முன்பக்கத்து இரண்டு தூணில் மட்டும் ரோசாவும் செவ்வந்தியும், பின்னால் உள்ளதெல்லாம் துணிப்பூ. பொம்பிளையின் தாய் கேட்டதற்கு, “இந்த விலைக்கு இப்படித்தான் வரும்” என்று பதில் வந்தது. அந்த நேரத்தில் யார் சண்டை பிடிப்பது? ஐயர் ஓமம் வளர்க்க உட்கார்ந்துவிட்டார். துணிப்பூவைக் குறை சொல்ல நான் வரவில்லை, அதுவும் அழகுதான், வாடாது, வாடகையும் குறைவு. உண்மைப் பூவின் விலையை வாங்கிக்கொண்டு துணிப்பூவை வைத்ததுதான் தவறு.

சரி, உண்மைப் பூ ஏன் நமக்கு இவ்வளவு செலவு என்றும் பார்க்க வேண்டும். நாம் மேடையில் வைக்கும் ரோசா, கார்னேஷன், ஜெர்பரா, லில்லி எல்லாம் பெரும்பாலும் நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துக் குளிரில் வளர்கிறவை. மட்டக்களப்புக்கு அவை பதுளை வீதியால் பிபிலை, மகா ஓயா, கரடியனாறு தாண்டிச் செங்கலடிக்கு இறங்க வேண்டும், அந்தப் பாதையில் பாதிக்கு மேல் வெக்கை. வாங்கின பூவில் ஒரு பங்கு வரும் வழியிலேயே கழிவாகிவிடும், அந்தக் கழிவின் விலையும் நம் தலையில்தான். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டுப் பாதைகள் எப்படி மூடிக் கிடந்தன என்று எல்லோரும் பார்த்தோம். ஐப்பசி, கார்த்திகையில் நாள் வைக்கிறவர்கள், மலைப்பூ வராவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது என்று சோடனைக்காரரிடம் முதலே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாள் வைக்கும்போதே பூவின் விலையும் பாதி முடிவாகிவிடுகிறது. ஒரே முகூர்த்தத்தில் ஊரெல்லாம் கலியாணம் என்றால் மாலை கட்டுகிறவர் கேட்டதுதான் விலை. தை மாதக் கடைசியில் வைத்தால் காதலர் தினத்துக்கு ரோசா ஏறும் காலம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, அதை ஒட்டி வெசாக்கும் வரும், தாமரையும் கமுகம்பூவும் கோயிலுக்கும் விகாரைக்கும் போன பிறகுதான் நமக்கு. அதற்காக நல்ல நாளை மாற்றச் சொல்லவில்லை, எந்தப் பூ அந்த நேரத்தில் மலிவு என்று கேட்டுவிட்டு நிறத்தை முடிவு செய்யுங்கள் என்கிறேன். இப்போது எல்லோரும் முதலில் சாறியின் நிறத்துக்குப் பொருத்தமாக ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு பிறகுதான் பூவைத் தேடுகிறார்கள்.

படம் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தங்கள் அன்போடு வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களில் பியோனி என்ற பெரிய உருண்டைப் பூ இருக்கும். அது பூக்கவே கடுங்குளிர்காலம் வேண்டும், நம் நாட்டில் அதை எதிர்பார்க்க முடியாது. ஹைட்ரேஞ்சியா நுவரெலியாவில் நன்றாகப் பூக்கும், ஆனால் கல்லடி வெக்கையில் தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் வைத்தாலே துவண்டுவிடும். அந்தூரியமும் ஓக்கிட்டும் நம் சூட்டைத் தாங்கும், வெட்டிய பிறகும் பல நாள் நிற்கும், விலை கூடினாலும் வீணாகாது. செவ்வந்தியும் அப்படித்தான். எனக்குக் கேட்டால், மலைப்பூவைக் கொஞ்சமாக வாங்கி முகத்துக்கு நேரே வைத்துவிட்டு மிச்சத்தைக் குருத்தோலை, கமுகம்பாளை, தென்னம்பாளை, மாவிலை, குலையோடு வாழை என்று நிரப்புவேன். கோயில் சடங்குக்குக் குருத்தோலையில் அவ்வளவு நுணுக்கமாகச் சோடிக்கிற பொடியன்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கூலி கொடுத்துக் கலியாண வீட்டுக்கும் கூப்பிடலாமே.

இனிப் பணம். வெளிநாட்டில் கலியாணச் செலவில் பத்தில் ஒரு பங்கு பூவுக்கு என்று ஒரு பொதுக் கணக்குச் சொல்வார்கள். நம் செலவில் தாலிக்கொடியின் பவுண் கணக்கும் சேர்ந்து நிற்பதால் அந்தப் பங்கை இங்கே போட்டுப் பார்க்க முடியாது. அதைவிட, கையில் இருக்கிற தொகையை முதலில் வீட்டுக்குள் முடிவு செய்துவிட்டுச் சோடனைக்காரரிடம் போவது நல்லது. ஒரு பேச்சுக்கு இரண்டு லட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். அதில் இருபதாயிரத்தைக் கடைசி வார விலையேற்றத்துக்கு என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பற்றி மட்டும் வெளியில் பேசுங்கள். முதல் இடம் மணமக்கள் மாற்றும் மாலைகளுக்கும் பொம்பிளையின் தலைப்பூவுக்கும், அதில் கை வைக்கவே கூடாது. அப்புறம் மணவறை, ஏனென்றால் முழுச் சடங்கும் எல்லாப் படமும் அங்கேதான். வாசல் அதற்குப் பிறகு. மேசைப் பூ, கார்ச் சோடனை, நடைபாதைப் பூவெல்லாம் காசு மிஞ்சினால் பார்க்கலாம், சாப்பிட உட்கார்ந்தவர் மேசைப் பூவை நகர்த்திவிட்டுத்தான் சோற்றுக் கோப்பையை வைக்கிறார்.

விலை எழுதி வாங்கும்போது பூவின் பெயர், எண்ணிக்கை, உண்மைப் பூவா துணிப்பூவா, கட்டுக்கூலி, லொறிக் கூலி, இரவு வேலைக்குக் கூடுதல் உண்டா, அடுத்த நாள் கழற்றித் துப்புரவு செய்வது யார் பொறுப்பு, எல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். மண்டபத்துக்காரரிடம் எத்தனை மணிக்கு உள்ளே விடுவீர்கள், வெளிச் சோடனைக்காரருக்குத் தனியாகக் காசு உண்டா என்று கேளுங்கள், சில இடங்களில் உண்டு. மண்டபமே சோடனையும் சேர்த்துத் தருவதென்றால் 18 வீத வற் வரியும் சேவைக் கட்டணமும் சொன்ன விலைக்குள் அடங்குமா என்பதும் முக்கியம், பில் வந்த பிறகு கேட்டுப் பயன் இல்லை.

பூவை வீட்டில் வைத்திருப்பதிலும் காசு வீணாகிறது. முதல் நாளே வாங்கிய கார்னேஷனையும் ஓக்கிட்டையும் வாழைக்குலையும் மாம்பழமும் அடுக்கிய அறையிலேயே வைக்கிறோம். பழுக்கிற பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும், அது பூவை ஒரே இரவில் சோர வைத்துவிடும். தனி அறையில் வையுங்கள். ரோசாவுக்குக் குளிர் நல்லது, அந்தூரியத்தையும் ஓக்கிட்டையும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் கறுத்துப் போகும். மல்லிகையை மொட்டாகத்தான் பறிக்கிறார்கள், அன்று இரவே விரிந்துவிடும், காலை முகூர்த்தம் என்றால் சரத்தை ஈரத்துணியிலோ வாழையிலையிலோ சுற்றிக் குளிரில் வையுங்கள்.

சோடனைக்காரர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். 2022இல் ரூபா விழுந்த பிறகு ரிப்பன், கம்பி, பூக்குத்தும் பச்சைப் பஞ்சு என்று இறக்குமதியாகும் ஒவ்வொன்றும் ஏறிவிட்டது. இரவிரவாக நின்று சோடித்தவர்களுக்கு மிச்சக் காசைக் கொடுக்காமல் இழுத்தடிக்கிற வீடுகளும் இருக்கின்றன, அது பெரிய அநியாயம். எழுதி வைத்தால் அவர்களுக்கும்தான் பாதுகாப்பு. காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் கலியாண மேடைகளுக்கும், தேவாலயத்தில் நடக்கும் கலியாணங்களுக்கும் இதே கைகள்தான் வேலை செய்கின்றன, ஆகவே இது எல்லோருக்கும் பொதுவான பிரச்சினை.

பற்றுச்சீட்டுக் கேட்பதை அவமரியாதை என்று யாரும் எடுக்கக் கூடாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்குகிறவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுக்கத்தான் வேண்டும், முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே விலை எழுதிய தாளில் வீட்டாரும் சோடனைக்காரரும் கையெழுத்துப் போடுங்கள். மணவறை கட்டி முடிகிற இரவில் வீட்டில் பொறுப்பான ஒருவர் அந்தத் தாளோடு மண்டபத்துக்குப் போய் ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும், எழுதியபடி இருந்தால் மிச்சக் காசை அங்கேயே, அந்த நேரமே எண்ணிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.