வறுமையைக் காட்டும்போது கணக்கையும் காட்டுங்கள்

அமெரிக்கக் கிராமங்களைப் படமெடுக்கும் இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம். மிசூரியையோ கென்டக்கியையோ நேரில் பார்த்திராத என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஊர்களைக் காட்டுவது உங்கள் படங்கள்தான். துருப்பிடித்த லாரி, முற்றத்தில் கிடக்கும் டயர், பல் போன கிழவர், பின்னணியில் பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியம். ஏழை ஊர் என்பது எங்களுக்கு உடனே விளங்கிவிடுகிறது. ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் எதனால் ஏழைகள், யாருக்கு என்ன கடன், அந்தக் கடனை வீட்டில் யார் சுமக்கிறார்கள் என்பதெல்லாம் பெரும்பாலான படங்களில் வருவதே இல்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நடக்காத ஒன்றைக் கேட்கவில்லை. டெப்ரா கிரானிக் 2010இல் செய்து காட்டியதைத்தான் கேட்கிறேன். மிசூரியின் ஓசார்க் மலைப்பகுதியிலேயே எடுக்கப்பட்ட அவருடைய 'விண்டர்ஸ் போன்' படத்தில் ரீ டாலிக்கு 17 வயது. அப்பா மெத் என்ற போதைப்பொருளைக் காய்ச்சிப் பிடிபட்டவர். ஜாமீனுக்கு வீட்டையும் மரக்காட்டையும் ஈடாக எழுதிக் கொடுத்துவிட்டுக் காணாமல் போய்விட்டார். அம்மா மனநலம் குலைந்து உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார். தம்பியும் தங்கையும் சின்னப் பிள்ளைகள். ஷெரீஃப் என்ற உள்ளூர்க் காவல் அதிகாரி வந்து, அப்பா நீதிமன்றத்துக்கு வராவிட்டால் வீடு போய்விடும் என்று சொல்லும் அந்த நிமிடமே கணக்கு நம் கைக்கு வந்துவிடுகிறது. கையெழுத்துப் போட்டது ஆண். வீடு வீடாக நடந்து அதைத் தீர்க்க வேண்டியவள் பெண்.

ரீ தன் தோழி கெய்லிடம் லாரியைக் கேட்கும் இடத்தைத் தயவுசெய்து இன்னொருமுறை பாருங்கள். கெய்லுக்கும் சின்ன வயதுதான், கையில் குழந்தை. உள்ளே போய்க் கணவனிடம் கேட்கிறாள். தர மாட்டேன் என்கிறான். பெட்ரோல் காசை நான் தருகிறேன் என்று சொன்னாயா என்கிறாள் ரீ. அதையும் சொல்லிப் பார்த்தாயிற்று. அவன் கூடாது என்றால் நீயும் சும்மா இருந்துவிடுகிறாயே என்று ரீ வருத்தப்பட, கல்யாணம் ஆனால் எல்லாம் வேறு என்கிறாள் கெய்ல். அடி இல்லை, அழுகை இல்லை. அந்த ஊரில் லாரி இல்லாவிட்டால் வேலைக்கும் போக முடியாது, கடைக்கும் போக முடியாது, உறவுக்காரர் வீட்டுக்கும் போக முடியாது. ஆக, சாவி யார் கையில் என்பதுதான் அந்த வீட்டின் அதிகாரம். பிறகு கெய்ல் குழந்தையையும் தூக்கிக்கொண்டு லாரியோடு வந்து நிற்கிறாளே, அது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் உறைக்கிறது.

பள்ளிக்கூடக் காட்சியும் அப்படித்தான். ரீ வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறாள். ஒரு வகுப்பில் பொம்மையை வைத்துக் குழந்தை வளர்ப்பு சொல்லித் தருகிறார்கள். இன்னொரு பக்கம் மாணவர்கள் துப்பாக்கியோடு அணிவகுப்புப் பழகுகிறார்கள். பெரிய வசனம் எதுவும் கிடையாது. பின்னால் அவளே ராணுவத்தில் சேரப் போகிறாள். 40,000 டாலர் கிடைக்கும் என்ற விளம்பரம்தான் காரணம். அந்தப் பணத்தால் வீட்டை மீட்கலாம் என்பது அவள் கணக்கு. பிள்ளைகளைக் கூட அழைத்துப் போக முடியாது, பெற்றோர் கையெழுத்தும் வேண்டும் என்று தெரிந்ததும் அந்த வழியும் அடைபடுகிறது. ஆள்சேர்ப்பு அதிகாரியாக வருபவர் நிஜ ராணுவ அதிகாரி. தங்கையாக நடித்த சிறுமி படப்பிடிப்பு நடந்த வீட்டிலேயே வசித்தவள். ஊர்க்காரர்களைக் கூட்டத்தில் நிறுத்திவைப்பதோடு முடிக்காமல் கதைக்குள் அழைத்ததால் இந்த நிஜம் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, என்னை மிகவும் உலுக்கியது. உதவி கேட்டு வரும் ரீயிடம், இதற்கெல்லாம் உங்கள் வீட்டில் ஆம்பளை இல்லையா என்று கேட்பவள் மெரப் என்ற பெண். ஆண்களின் சட்டத்துக்குக் காவல் நிற்பவளும் அவளே. ரீயைப் போட்டு மிதிப்பவர்கள் மெரப்பும் அவள் சகோதரிகளும். கடைசியில் இரவில் படகில் கூட்டிப்போய், அப்பாவின் பிணம் கிடக்கும் தண்ணீருக்குள் ரீயைக் கையை விட்டுப் பிடிக்கச் சொல்லி, செத்துப்போனதற்குச் சாட்சியாகக் கைகளை அறுத்துத் தருபவர்களும் அவர்களே. கொன்றது யாரோ, அந்தப் பாவத்தைச் சுத்தம் செய்வது பெண்களின் வேலை, துணி துவைப்பதைப் போல. இந்தப் பெண்களைக் கொடியவர்கள் என்றோ பாவப்பட்டவர்கள் என்றோ சொல்லி என்னால் ஒதுக்க முடியவில்லை.

இப்போது 2020இல் ரான் ஹோவர்டு எடுத்த 'ஹில்பில்லி எலெஜி'யைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரான ஜே.டி. வான்ஸின் வாழ்க்கைக் கதை அது. அம்மாவும் பாட்டியும் நிறையக் கத்துகிறார்கள், நிறைய அழுகிறார்கள். ஆனால் ஒருத்தி பையனைக் கெடுத்தாள், ஒருத்தி காப்பாற்றினாள் என்பதற்கு மேல் அவர்களுக்கு அங்கே வாழ்க்கை இல்லை. வறுமை அந்தக் குடும்பத்தின் குணக்கேடு போலவே தெரிகிறது. சுரங்கமும் ஆலையும் அந்த மக்களிடம் வாங்கியது என்ன, கொடுத்தது என்ன என்று படம் கேட்பதே இல்லை.

அதைக் கேட்ட படம் உங்கள் நாட்டிலேயே 1976இல் வந்துவிட்டது. பார்பரா கோப்பிளின் 'ஹார்லன் கவுண்டி யுஎஸ்ஏ'. கென்டக்கியின் புரூக்சைடு நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம் பற்றிய ஆவணப்படம், ஆஸ்கர் வாங்கியது. எதிர்த்தரப்பு யார் என்பதில் அங்கே மறைவே இல்லை: டியூக் பவர் என்ற மின் நிறுவனத்தின் சுரங்கம் அது. குழாய்த் தண்ணீர் இல்லாத வீட்டில் ஒரு தாய் தகரத் தொட்டியில் வைத்துப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள். மறியலில் நிற்கும் தொழிலாளர் எண்ணிக்கையை நீதிமன்றம் குறைத்ததும் மனைவிமார்களே தடியோடு சாலைக்கு வந்துவிடுகிறார்கள். கூட்டம் போட்டுத் தங்களுக்குள் சண்டையும் போடுகிறார்கள், உன் புருஷன் என் புருஷன் என்று. அப்புறம் மறுபடி சேர்ந்து நிற்கிறார்கள். கோப்பிள் அந்தச் சண்டையை வெட்டி எறியவில்லை. இப்படிச் சேர்ந்து நிற்கும் பெண்கள் உங்கள் கதைப்படங்களில் ஏன் இவ்வளவு அரிது? ஒரு வீராங்கனை, சுற்றிலும் இருட்டு என்றே ஏன் எழுதுகிறீர்கள்?

கேமராவோடு வரும் வெளியூர்க்காரர்கள்மீது அந்த மலைமக்களுக்கு நம்பிக்கை குறைவு என்பதும் உங்களுக்குத் தெரியும். 1964இல் அதிபர் ஜான்சன் வறுமைக்கு எதிரான போரை அறிவித்த பிறகு கிழக்குக் கென்டக்கிக்குப் படக்குழுக்கள் படையெடுத்தன. 1967இல் ஹ்யூ ஓகானர் என்ற கனடா நாட்டுப் படைப்பாளியை, அவர் படமெடுத்துக்கொண்டிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரரே சுட்டுக் கொன்றார். அந்தக் கொலையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் தங்களை உலகம் எப்படிப் பார்க்கிறது என்ற கூச்சமும் கோபமும் எவ்வளவு ஆழமாக ஓடுகின்றன என்பதை நீங்கள் மறந்துவிடக்கூடாது. இரண்டே ஆண்டுகளில் அதே பகுதியில், வைட்ஸ்பர்க்கில், ஊர் இளைஞர்களே கேமராவைப் பிடிக்கும் ஆப்பல்ஷாப் என்ற அமைப்பு தொடங்கியது. அடுத்த படத்துக்கு இடம் பார்க்கப் போகும்போது அவர்களைப் போன்றவர்களிடம் முதலில் கதையைக் காட்டுங்கள். எழுத்திலும் படத்தொகுப்பிலும் பங்கு கொடுங்கள்.

செலவாகும் என்று சொல்லாதீர்கள். 'விண்டர்ஸ் போன்' சுமார் 20 லட்சம் டாலரில் முடிந்த படம். சண்டான்ஸ் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கி, சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் பரிந்துரைகளையும் பெற்றது. அதே ஆண்டு சிறந்த இயக்குநருக்கான ஐந்து இடங்களில் கிரானிக் பெயர் இல்லை; இடம்பெற்ற எல்லோரும் ஆண்கள். இதுபோன்ற படங்களை எடுக்கும் பெண்களுக்கு அடுத்த படத்துக்கான பணத்தை இழுத்தடிக்காமல் கொடுங்கள். மெரப்பைப் போன்ற ஒருத்தியை நடுவில் வைத்த கதையோடு யாராவது வந்தால், அதற்கு முதலில் கொடுங்கள்.

அன்புடன்,
தமிழில் படம் பார்த்து வளர்ந்த ஒரு ரசிகை