ரெண்டு புரதமும் சேர்ந்தாத்தான் ஜீன் எழும்பும்

ஆசிரியருக்கு, போன ஞாயிறு உங்கட பேப்பரில வந்த நோயெதிர்ப்புக் கட்டுரையில ஒரு புரதம் டிஎன்ஏயில ஒட்டினவுடன ஜீன் வேலை தொடங்கும் எண்டு கிடந்தது, அது அரைவாசிதான் சரி. நோயெதிர்ப்பு வேலை செய்யிற டி செல் எண்ட வெள்ளை இரத்த அணுவில, அந்தச் செல்லுகளைப் பெருகப் பண்ணுற ஐஎல்-2 எண்ட புரதத்துக்குரிய ஜீனுக்கு, என்ஃபாட், ஏபி-1 எண்ட ரெண்டு புரதமும் டிஎன்ஏயில பக்கத்தில பக்கத்தில இருந்து ஒண்டை ஒண்டு பிடிச்சாத்தான் அது முழுசா எழும்பும், தனிய ஏலாது. என்ர அண்ணாவுக்குக் கிட்னி மாத்தினது, காலமை 8 மணி, இரவு 8 மணி எண்டு ஃபோன் அலாரம் அடிக்க அடிக்க டக்ரோலிமஸ் குளிசை போடுறார், அந்த மருந்து கல்சினியூரின் எண்ட நொதியத்தைத் தடுத்து என்ஃபாட்டை டி செல்லுக்குள்ள டிஎன்ஏ இருக்கிற கருவுக்குள்ள போக விடாது, அப்ப ஐஎல்-2 ஜீனும் முழுசா எழும்பாது, அதாலதான் புதுக் கிட்னியை உடம்பு எதிர்க்காமக் கிடக்கு. வவுனியாப் பக்கம் கிட்னி வருத்தக்காரர் இருக்கிற வீடுகளுக்கு இது கட்டாயம் தெரியவேணும். அடுத்தமுறை படத்தோட போடுங்கோ, ஏஎல் பயோ பிள்ளையளும் வெட்டி ஒட்டி வைப்பினம்.

- வாசகர், நெடுங்கேணி