ஜாக் கெம்ப்பின் விரல்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே பஃபலோவில் ஏப்ரல் பிறந்தும் வாசலில் பனி கரையவில்லை. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள்.

விளையாட்டு வீரர்கள் அரசியலுக்கு வருவது கைதட்டலை ஓட்டாக மாற்றத்தான் என்று எழுதியிருந்தாய். பலருக்கு அது பொருந்தும். ஆனால் இந்த ஊரின் ஜாக் கெம்ப்பை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அவர். 1962-ல் பந்தெறியும் கையின் நடுவிரல் முறிந்தது. இனி நேராக நிமிராது என்று தெரிந்ததும், பந்தைப் பிடித்த வாக்கிலேயே விரலை வளைத்துக் கட்டச் சொன்னாராம். அந்தச் சமயத்தில்தான் சான் டியேகோ சார்ஜர்ஸ் அணி அவரைக் கைநழுவ விட்டது. எங்கள் ஊர் அணியான பஃபலோ பில்ஸ் வெறும் 100 டாலருக்கு எடுத்துக்கொண்டது. 1964, 1965 இரண்டு ஆண்டும் இறுதியாட்டத்தில் அதே சார்ஜர்ஸைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

நான் சொல்ல வந்தது அதைவிட முக்கியமானது. 1965 ஜனவரியில் நட்சத்திர ஆட்டத்துக்காக நியூ ஆர்லியன்ஸ் போன கறுப்பின வீரர்களை டாக்சிக்காரர்கள் ஏற்றவில்லை, விடுதிகள் உள்ளே விடவில்லை. இங்கே ஆட மாட்டோம் என்றார்கள் அவர்கள். கெம்ப் அவர்கள் பக்கம் நின்றார். ஆட்டம் ஹூஸ்டனுக்கு மாறியது. வீரர்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். குடியரசுக் கட்சிக்காரர் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்தார், பார்த்தாயா!

1970 தேர்தலில் ஜெயித்து, ஒன்பது முறை அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் இருந்தார். அதிபர் ரீகன் காலத்து 1981 வரிக்குறைப்பின் மூளை அவர்தான். உச்ச வருமான வரி 70 சதவீதத்திலிருந்து 50-க்கு இறங்கியது. வரியைக் குறைத்தால் ஏழைக்கும் வேலை கிடைக்கும் என்று மனதார நம்பினார். எனக்கு அதில் உடன்பாடில்லை, நாட்டின் கடன்தான் பெருகியது. ஆனாலும் மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளுக்கு விடுமுறை விடுவதை முதலில் எதிர்த்தவர், 1983-ல் என் கருத்து மாறிவிட்டது என்று சபையிலேயே சொல்லி ஆதரித்து வாக்களித்தார். அப்படி வெளிப்படையாகச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? அப்புறம் வீட்டுவசதி அமைச்சரானபோது, அரசுக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர்களுக்கே அந்த வீடுகள் சொந்தமாக வேண்டும் என்று போராடினார்.

ஒரு விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. ஆவணமில்லாமல் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தை மறுக்கும் கலிஃபோர்னியா முன்மொழிவை 1994-ல் துணிந்து எதிர்த்தவர், 1996-ல் கட்சியின் அதிபர் வேட்பாளர் பாப் டோலுடன் துணை அதிபர் பதவிக்கு நின்றபோது பின்வாங்கிவிட்டார். கட்சி வளைத்தது, வளைந்தார். அந்த இடத்தில் மட்டும் அவர் நிமிர்ந்து நின்றிருக்கலாம்.

2009-ல் காலமானார். அதே ஆண்டு, எதிர்க்கட்சிக்காரரான ஒபாமா அவருக்கு நாட்டின் உயர்ந்த குடிமை விருதான அதிபர் சுதந்திரப் பதக்கத்தை அளித்தார்.

உன் பதில் வரட்டும். மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

உன்,
ராமநாதன்