அட்டைப் படம் யாருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் என் மகள் செமஸ்டர் வேலைக்காக ஒரு சமையல் இதழுக்கு அட்டை போட்டாள். பட்டுப் புடவையில் சிரிக்கும் பெண், கையில் கரண்டி. என் மாமியார் பார்த்துவிட்டு, "இவ அடுப்படிப் பக்கமே போனதில்ல போல, முந்தானையில ஒரு கறைகூட இல்லையே" என்றார். பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-லேயே சொன்னதும் இதைத்தான்: தயாரிப்பவர் ஓர் அர்த்தத்தை வைத்து அனுப்புவார், பார்ப்பவர் அதை அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்கலாம், எதிர்த்தும் படிக்கலாம். மாமியார் மூன்றாவது ரகம். அப்புறம் மகள் அந்தப் பெண்ணை எடுத்துவிட்டு, ஓரம் கருகிய தோசையோடு கல்லையே அட்டையில் வைத்தாள். மாமியார் கண்ணாடியைத் தேடி எடுத்து உள்ளே புரட்டினார்.

இணையதளம் வேறு கதை. கடையில் தொங்கும் அட்டை தூரத்திலிருந்தே கூப்பிட வேண்டும், தளத்தையோ பேருந்தில் நின்றபடி கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே பார்க்கிறோம். பல தளங்களில் அச்சு அட்டையை அப்படியே சுருக்கி ஒட்டிவிடுகிறார்கள், தலைப்பு எறும்பு மாதிரி ஊர்கிறது, மேலே விளம்பரம் வேறு குதிக்கிறது. ரசம் வைக்கத் தேடி வந்தவருக்கு முதலில் புளி எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? உங்கள் இணைப்பிதழ் அட்டையையும் அச்சுக்குப் போகும் முன் ஏதாவது ஒரு மாமியாரிடம் காட்டிப் பாருங்களேன்.

– ஒரு வாசகி, மதுரை