ஆம்புலன்ஸில் ஓடிய வென்டிலேட்டருக்கும் பணம் தர வேண்டும்: காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
பாலிசிதாரர், வால்பாறை, கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர், காப்பீட்டு நிறுவனத் தலைமை அலுவலகம், சென்னை.

நாள்: 13.10.2025

பொருள்: என் தந்தையின் அவசர சிகிச்சைக்கான ஆம்புலன்ஸ் கட்டணம் ரூ.21,000-இல் ரூ.2,000 மட்டும் கொடுத்து மீதியை மறுத்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். பாலிசி எண்ணும் கிளெய்ம் எண்ணும் இணைப்பின் முதல் தாளில் இருக்கின்றன.

போன வாரம் உங்கள் கிளெய்ம் பிரிவிலிருந்து பேசிய தம்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “108 இலவசம்தானே சார், நீங்க எதுக்கு பிரைவேட் வண்டி எடுத்தீங்க?” அவரைக் குறை சொல்லவில்லை, கொடுத்த வேலையைச் செய்கிறார். ஆனால் அந்தக் கேள்விக்கு போனில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன்.

108-ஐத்தான் முதலில் கூப்பிட்டோம். ஜூலை 16, அதிகாலை 2.40 மணிக்கு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை. இருபத்தைந்தே நிமிடத்தில் 108 வந்தது. வால்பாறை அரசு மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து மாரடைப்பு என்று உறுதியாகச் சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள், உடனே கீழே கொண்டுபோகச் சொன்னார்கள். பொள்ளாச்சிக்கு 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல மழை. ஒவ்வொரு வளைவிலும் ஸ்ட்ரெச்சர் சரியாமல் இருக்க அந்த 108 பெண் டெக்னீஷியன் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் அப்பாவின் தோளையும் இன்னொரு கையால் ஆக்ஸிஜன் மாஸ்க்கையும் பிடித்துக்கொண்டே வந்தார். ஆழியாறு வரும்வரை அவர் எழுந்திருக்கவே இல்லை. ஒரு பைசா வாங்கவில்லை. அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

பொள்ளாச்சி போய்ச் சேரும்போது மணி 5.30. அதற்குள் நுரையீரலில் நீர் கோத்து, ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 82 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. மூச்சுக்குழாயில் குழாய் போட்டு வென்டிலேட்டர் வைத்தார்கள். ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் உள்ள இடத்துக்கு, வென்டிலேட்டரோடு, கூட ஒரு டாக்டரோடு கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்த வசதி உள்ள 108 வண்டி அப்போது உடுமலைப் பக்கம் வேறொரு கேஸில் இருந்தது. திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்றார்கள். மாரடைப்பு வந்தவருக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றால் என்ன என்பதை மருத்துவம் படித்தவர்களும் வேலை செய்யும் உங்கள் நிறுவனத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்போதுதான், காலை 5.50-க்கு, உங்கள் இலவச உதவி எண்ணுக்கு அழைத்தேன். ‘கோவையில் இந்த மருத்துவமனைக்குப் போங்கள், இதய சிகிச்சை உண்டு, நம் நெட்வொர்க்கில் இருக்கிறது, கேஷ்லெஸ் கிடைக்கும்’ என்று பெயர் சொல்லி அனுப்பியது உங்கள் ஆள்தான். அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று ஆரம்பத்திலேயே ஒரு குரல் சொன்னது. அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

மருத்துவமனை வாசலில் நின்ற தனியார் ஐ.சி.யூ. ஆம்புலன்ஸைப் பிடித்தோம். பணம் கட்டினால்தான் வண்டி நகரும் என்றார்கள். என்னிடம் இருந்த 10,000-ஐ ஜிபேயில் அனுப்பினேன். மீதி 4,500-ஐ வால்பாறையில் எங்கள் தெருமுனை டீக்கடை அண்ணன், கடை திறந்துகொண்டிருந்தவர், கேட்டதும் அனுப்பி வைத்தார். 6.40-க்குக் கிளம்பி 7.35-க்குக் கோவை. அந்த 55 நிமிடமும் அப்பாவுக்கு மூச்சு விட்டது அந்த இயந்திரம்தான். கிணத்துக்கடவு தாண்டியதும் ரத்த அழுத்தம் இறங்கியது. கூட வந்த டாக்டர் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி ஊசி மருந்தின் வேகத்தைக் கூட்டினார். மானிட்டரில் எண் ஏறும்வரை என் அம்மா முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்க்கவே இல்லை.

அதற்கான பில் ரூ.14,500. பில்லில் பிரித்தே எழுதியிருக்கிறார்கள்: வண்டி வாடகை 5,500, வென்டிலேட்டர் மற்றும் மானிட்டர் 4,500, டாக்டர் கட்டணம் 3,000, ஆக்ஸிஜனும் மருந்தும் 1,500.

நீங்கள் அனுப்பிய மருத்துவமனையில் இறங்கி நாற்பது நிமிடம் கழித்துத்தான், கேத் லேப் இயந்திரம் இரண்டு நாளாகப் பழுது என்று சொன்னார்கள். அங்கிருந்து அதே போன்ற வண்டியில் நகரத்துக்குள்ளேயே இன்னொரு மருத்துவமனை. அதற்கு ரூ.6,500. 9.50-க்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அப்பா பிழைத்தார். இப்போது வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

சிகிச்சை செலவு 2 லட்சத்து 38 ஆயிரத்தை நீங்கள் கேஷ்லெஸ்ஸாக, நேராக மருத்துவமனைக்கே கட்டினீர்கள். அதற்கு என் நன்றி உண்மையானது, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஆம்புலன்ஸ் பில்கள் இரண்டையும் அனுப்பியபோது மூன்று தடவை ‘கூடுதல் ஆவணம்’ கேட்டீர்கள். கடைசியில் அக்டோபர் 3-ஆம் தேதி ரூ.2,000 கணக்கில் விழுந்தது. கூடவே வந்த கடிதத்தில் இரண்டு வரி. ‘ஆம்புலன்ஸ் கட்டணம் உச்சவரம்புக்கு உட்பட்டது. இரண்டாவது இடமாற்றம் நோயாளியின் விருப்பத்தின் பேரில் நடந்ததால் ஏற்கத்தக்கதல்ல.’

முதல் வரியை எடுத்துக்கொள்வோம். ஒரு தடவை மருத்துவமனையில் சேர்வதற்கு ஆம்புலன்ஸ் செலவு 2,000 என்ற உச்சவரம்பு உங்கள் பாலிசிப் புத்தகத்தில் இருக்கிறது. 2019-இல் பாலிசி விற்ற ஏஜென்ட் ‘ஆம்புலன்ஸும் கவர் ஆகும்’ என்று மட்டும்தான் சொன்னார், தொகையைச் சொல்லவில்லை. ஆனாலும் அச்சில் இருப்பதை இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. ஆகவே வண்டி வாடகையில் 2,000-க்கு மேல் போன 3,500 ரூபாயை நான் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். 2019-இல் இருந்து என் பிரீமியம் வருடா வருடம் ஏறியிருக்கிறது. இந்த மார்ச்சில் 28,400, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 5,112, ஆக 33,512 கட்டினேன். அந்த 2,000 மட்டும் இத்தனை வருடமும் 2,000-ஆகவே நிற்கிறது.

நான் கேட்பது முதல் பில்லில் வாடகை போக மீதமுள்ள 9,000. அது வண்டிக்கான பணம் இல்லை, சிகிச்சைக்கான பணம். ஆம்புலன்ஸ் என்றால் எல்லாம் ஒன்று என்று அரசாங்கமே சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கான ஏ.ஐ.எஸ். 125 என்ற இந்தியத் தரநிர்ணயம் அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கிறது. நோயாளியை ஏற்றிச் செல்லும் சாதாரண வண்டி ஒரு வகை. வென்டிலேட்டர் போன்ற உயிர்காக்கும் கருவிகளோடு, போகும் வழியிலேயே மேம்பட்ட சிகிச்சை கொடுக்கும் வண்டி வேறு வகை. அப்பா வந்தது அந்தக் கடைசி வகை வண்டியில்.

உங்கள் பாலிசியிலேயே ‘மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய மருத்துவச் செலவு’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதே நோய்க்காக, டாக்டர் சொல்லி, சேர்வதற்கு முந்தைய நாட்களில் ஆன மருத்துவச் செலவைத் தருவதாக அது சொல்கிறது. டாக்டர் கட்டணம், மருந்து, ஆக்ஸிஜன், வென்டிலேட்டர் எல்லாமே பொள்ளாச்சி டாக்டரின் எழுத்துப்பூர்வமான உத்தரவின் பேரில், அதே மாரடைப்புக்காக, சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஆன செலவு. இது அந்தப் பிரிவில் வராது என்றால் வேறு எதுதான் வரும்? நீங்கள் கட்டிய மருத்துவமனை பில்லை எடுத்துப் பாருங்கள். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டருக்கு நாளுக்கு 4,000 வீதம் இரண்டு நாளுக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு கேள்வி கேட்காமல் கொடுத்திருக்கிறீர்கள். அதே மூச்சு, அதே நோயாளி, அதே காலை. சுவருக்குள் இருந்தால் சிகிச்சை, சக்கரத்தின் மேல் இருந்தால் போக்குவரத்து என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இரண்டாவது வரிதான் என்னை அதிகமாகப் புண்படுத்தியது. ‘நோயாளியின் விருப்பம்.’ வாயில் குழாயோடு, நினைவில்லாமல் கிடந்தவர் எந்த விருப்பத்தைச் சொன்னார்? முதல் மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதத்தில் ‘கேத் லேப் செயல்படாததால் அவசரமாக மாற்றப்படுகிறார்’ என்று டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் போட்டிருக்கிறார். அந்தக் கடிதத்தை மூன்று தடவை அனுப்பியிருக்கிறேன். தேவையான வசதி இல்லாதபோது ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும் உங்கள் ஆம்புலன்ஸ் ஷரத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த மருத்துவமனைக்கு எங்களை அனுப்பியது நீங்கள். கேத் லேப் ஓடுகிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் இந்த 6,500 செலவே வந்திருக்காது. அப்பாவின் இதயத் தசைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் முன்னால் ரத்தம் போயிருக்கும். இதில் உச்சவரம்பைக் காட்டாமல் முழுத் தொகையையும் தர வேண்டும் என்பது என் கோரிக்கை.

ஆக ரூ.15,500.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே 29-இல் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையை ஒரு வழக்கறிஞர் நண்பர் எனக்குப் படித்துக் காட்டினார். ஒரு கிளெய்மை மறுத்தாலோ குறைத்தாலோ, பாலிசியின் எந்த நிபந்தனையின்படி என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். மறுப்பதற்கு முன் அதற்கென உள்ள மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆவணங்களை மருத்துவமனையிடமிருந்து நீங்கள்தான் வாங்க வேண்டும். உங்கள் கடிதத்தில் நிபந்தனை எண் இல்லை, குழு பார்த்ததா என்ற தகவலும் இல்லை. ஆவணத்துக்காக நான் வால்பாறையிலிருந்து கோவைக்கு இரண்டு தடவை பஸ் ஏறினேன். இரண்டு நாள் கடையைப் பூட்டினேன்.

இன்னொன்று. பாலிசியோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளைக் கேட்பவருக்கு அவர் மொழியிலேயே தர வேண்டும் என்று விதி இருக்கிறது. எனக்கு அதைத் தமிழில் அனுப்புங்கள். அடுத்த தடவை அப்படி ஒரு இரவு வந்து நான் ஊரில் இல்லாவிட்டால், எது கிடைக்கும் எது கிடைக்காது என்று அம்மாவே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆம்புலன்ஸ் உச்சவரம்பு அதில் தெளிவாகத் தெரியும்படி இருக்கட்டும்.

இரண்டு வாரத்துக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். திருப்தியான பதில் வராவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா என்ற இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்வேன். ஒரு மாதம் முடிந்ததும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்புட்ஸ்மேன்) போவேன். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களோடு ஏழாவது வருடம் இருக்கிறேன், இதுதான் என் முதல் கிளெய்ம். நமக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளத்தான் விரும்புகிறேன்.

இரண்டு ஆம்புலன்ஸ் பில்கள், ஜிபே ரசீதுகள், பொள்ளாச்சி டாக்டரின் குறிப்பு, முதல் மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதம், உங்கள் உதவி எண்ணுக்கு நான் அழைத்த நேரம் தெரியும் போன் பட்டியல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். வங்கிக் கணக்கு மாறவில்லை. தொகை வந்ததும் முதல் வேலையாக டீக்கடை அண்ணனின் 4,500-ஐத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்படிக்கு,
பாலிசிதாரர்,
வால்பாறை.