ரத்தம் நின்றாலும் மாத்திரையை விடாதே

தக்கலை

அன்புள்ள மக்களே,

மலத்தில் ரத்தம் போவது நின்றுவிட்டதே, குடல் அழற்சிக்குப் போடும் மெசலமைன் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தாய். நிறுத்தக் கூடாது. அல்சரேட்டிவ் கோலைட்டிசில், அதாவது பெருங்குடலின் உள்ளே புண் வரும் உன் நோயில், வயிறு முதலில் அடங்கும், பெருங்குடலின் உட்சவ்வு ஆறுவதற்கு அதற்கு மேலும் நாளாகும். நோய் கிளம்பியிருக்கும்போது நாளுக்கு 2.4 முதல் 4.8 கிராம் வரை கொடுப்பார்கள். அடங்கிய பிறகும் குறைந்தது 2 கிராம் தொடர வேண்டும். அளவைக் குறைப்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வேளையாகப் போட மறந்துபோகிறதென்றால், மொத்தத்தையும் ஒரே வேளையில் போடலாமா என்று அவரிடம் கேள். பெரும்பாலும் சரி என்பார்.

மாத்திரையை உடைக்காதே, கடிக்காதே. மேல்பூச்சு சிறுகுடலின் கடைசியில் கரைந்தால்தான் மருந்து புண் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரும். மலத்தில் வெறும் கூடு தெரிந்தால் பயப்படாதே. முழு மாத்திரையே அடிக்கடி வெளியே வந்தால் சொல்லிவிடு.

ஆசனவாய் வழியாக மருந்தை உள்ளே செலுத்தும் எனிமாவுக்குக் கூச்சப்படுகிறாய் என்று தெரியும். ஆனால் புண் மலக்குடலிலும் இடப்பக்கத்திலும் இருக்கிறவர்களுக்கு, மாத்திரையோடு எனிமாவும் சேர்ந்தால்தான் நல்ல பலன். படுக்கப் போகுமுன் வெளிக்குப் போய்வந்து, குப்பியை உள்ளங்கையில் வைத்து வெதுவெதுப்பாக்கி, நன்றாகக் குலுக்கு. இடப்பக்கம் சரிந்து, வலது முழங்காலை மடக்கிப் படுத்து மெதுவாக அழுத்து. அரைமணி நேரம் அப்படியே கிட. மருந்து துணியில் கறை பிடிக்கும், அடியில் பழைய துவர்த்து ஒன்றை விரித்துக்கொள்.

தலைவலி, முதுகுவலி என்று மெடிக்கல் கடையில் டைக்ளோஃபெனாக்கோ இப்யூபுரூஃபனோ வாங்கிப் போடாதே. அதுவும் அழற்சிக்கான மருந்துதான். ஆனால் குடலைக் காக்கும் சுரப்புகளையும் அது தடுப்பதால் அடங்கிய நோயைக் கிளப்பிவிடலாம், சிறுநீரகத்துக்கும் சுமை. பாராசிட்டமால் போதும்.

சிறுநீரகம் என்றதும் இன்னொன்று. மெசலமைன் அபூர்வமாகச் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் கெடுக்கும். ஆகவே தொடங்குமுன் ஒருமுறை, இரண்டு மூன்று மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டும். சிலருக்கு முதல் வாரங்களில் இந்த மருந்தாலேயே காய்ச்சலும் ரத்தபேதியும் கூடும். நோய்தான் முற்றுகிறது என்று நினைத்து அளவைக் கூட்டிவிடாதே, உடனே டாக்டரைக் கூப்பிடு.

பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை டாக்டர் எழுதினால் காலையில், சாப்பிட்ட பிறகு. வழக்கமாக 40 மில்லிகிராமில் தொடங்கி வாரத்துக்கு 5 வீதம் குறைப்பார்கள். சட்டென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு வராமல் மயங்கி விழக்கூடும். சர்க்கரை, எலும்பு இரண்டையும் கவனிக்கச் சொல். நோய் அடங்கிய பின் பிரட்னிசோலோனைத் தொடர்வதற்கில்லை.

நாளுக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், 100 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ 90க்கு மேல் நாடித்துடிப்போ சேர்ந்தால் வீட்டில் இருக்காதே, ஆஸ்பத்திரிக்குப் போ. அந்த நேரத்தில் லோபரமைடு போட்டு பேதியைக் கட்டக் கூடாது, குடல் வீங்கிவிடலாம்.

மரச்சீனியும் மீன்கறியும் தின்றதால் வந்த நோய் இது என்று யார் சொன்னாலும் கேட்காதே. நோய் அடங்கியிருக்கும்போது ஒத்துக்கொள்வதைச் சாப்பிடு.

ஊருக்கு வரும்போது ஒரு மாத மாத்திரையும் மருந்துச்சீட்டும் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு கம்பெனி மாத்திரையும் குடலில் கரையும் இடம் வேறு. இங்கே கடையில் எடுத்துத் தருவதை டாக்டரைக் கேட்காமல் மாற்றிப் போடாதே.

அன்புடன்,
அம்மை